மீன்தொட்டிக்கு முண்டு

"பொழுதுபட முதல் அந்தத் தொட்டி கீழ இறங்கவேணும், தம்பி. இல்லாட்டி—"

"நானா, நான் சொல்லுறதை ஒருக்கா—"

"—இல்லாட்டி நீங்கள் இறங்கவேணும். விக்கிற சாரக்கட்டு முழுக்கக் கறுத்த தண்ணி."

"—கேளுங்கோவன். தொட்டி ஒழுகேல்ல. கிண்ணம்தான்—"

"கிண்ணமோ தொட்டியோ, மேல இருந்துதானே ஒழுகுது? வெளியில வெயில் எறிக்குது, என்ர கடைக்குள்ள மழை பெய்யுது."

"அப்ப சரி. ஞாயிற்றுக்கிழமை கார் பிடிக்கிறன். நாங்கள் இறங்கிறம்."

குரல்கள் பலகை இடுக்கு வழியாக ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மேலே வந்தன. கார் பிடிக்கிறேன் என்றவர் என் கணவர் கதிர்காமநாதன். முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவர். மழை பெய்கிறது என்றவர் வீட்டுச் சொந்தக்காரர் ஜமால்தீன் நானா. கீழே அவருடைய கடை: உடுக்கிற சாரம், சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய். மேலே ஓர் ஒடுக்கமான அறையில் நாங்கள். எங்களுக்குத் தரையாக இருந்த பலகைதான் அவருக்கு முகடு.

நான் கட்டிலில் கிடந்தேன். கால்மாட்டை இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கவேண்டுமென்றால் பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழும்பக்கூடாது, காரையோ வண்டியையோ நினைக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி கிட்ட என்பதற்காகத்தான், வயிறு தெரிய முதலே எங்கள் ஊரான துணுக்காயை விட்டு இந்த அறைக்கு வந்திருந்தோம். இப்போது இவர் கார் பிடித்தால், அந்தக் குழியும் மேடுமான றோட்டில் துணுக்காய்க்குத் திரும்பவேண்டும். ரோசத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டார். அதைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தொட்டி வந்ததும் எனக்காகத்தான். ஓடுகளையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேனே என்று, வவுனியாவில் இருந்து மாற்றலாகிப் போன ஓர் உத்தியோகத்தரிடம் வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்புச் சட்டத்துக்குள் தடித்த கண்ணாடி. ஆறு சிவத்த மீன்கள். தண்ணீர் நிரப்பினால் மூன்றரை மூட்டை நெல்லின் பாரம் வரும். அதைக் கட்டிலோடு ஒட்டி, அறை நடுவில், நாலு கால் மேசை ஒன்றின்மேல் வைத்தார். கறையான் ஏறுமே என்று, சாப்பாட்டு அலுமாரிக்கு வைக்கிற மாதிரி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். அலுமாரிக்கு அது சரி. இந்தப் பாரத்துக்குப் பலகை வளைந்தது. யாரும் நடந்தால் கிண்ணம் தளும்பியது. தளும்பிய தண்ணீர் பலகைக்குள் ஊறி, அதைக் கறுக்க வைத்து, கீழே நானாவின் சாரக்கட்டில் சொட்டியது. மரத்தைக் காப்பாற்ற வைத்த கிண்ணம்தான் மரத்தைத் தின்றது.

இவர் படியேறி வந்தார். முகத்தைப் பார்க்காமலே தெற்குச் சுவரோடு தொட்டியை வைக்கலாம் என்றேன். பலகைகளைத் தாங்கும் தீராந்திகள் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகின்றன, அங்கே வளையாது. அது தனக்கும் தெரியும், ஆனால் அங்கே வைத்தால் என் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விடுமே என்றார். வடக்குப் பக்கம் படி வந்து ஏறுகிற இடம். தீராந்திகளை அதற்காக வெட்டியிருந்தார்கள். கட்டிலைக் குறுக்கே போட அறை காணாது.

"அப்ப கட்டிலை மறுபக்கம் திருப்புவம்."

"வடக்க தலை வைச்சோ? இந்த நிலையிலயோ? கதைக்காமல் கிட, கமலா."

தந்திக் கம்பியில் கொழும்போடு கதைக்கிற மனிசன். ஆனால் வடக்கு என்றால் வடக்குத்தான். எனக்கும் உள்ளுக்குள் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கொடியில் கிடந்த சேட்டை மாட்டிக்கொண்டு, காருக்குச் சொல்ல இறங்கிப் போய்விட்டார்.

கீழே நானா நனைந்த சாரங்களை உதறிக்கொண்டிருந்தது கேட்டது. மூன்று மாதமாக அந்தக் கடையை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் கடன் சொல்லிப் போகிறார்கள், யாருடைய மகளுக்குக் கலியாணம், நானா எந்தப் பகிடியை எத்தனை பேருக்குச் சொல்லுகிறார், எல்லாம் தெரியும். ஒரு நாளும் நான் வாய் திறந்ததில்லை. இப்போது கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, இடுக்கைப் பார்த்துச் சொன்னேன்.

"நானா. தொட்டியை எடுக்கலாம். என்னை எடுக்கேலாது."

உதறுகிற சத்தம் நின்றது.

"ஆர், தங்கச்சியோ?"

"ஓம்."

"இவ்வளவு கிட்டவோ கிடக்கிறீங்கள்? அப்ப நான் கதைக்கிறதெல்லாம்..."

"கேக்கும். அந்த ஆட்டுப் பகிடியும் கேட்டனான்."

அவர் செருமினார். பிறகு நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெட்கம் பார்க்க நேரம் இல்லை. கிண்ணம் எங்கள் பிழைதான், இவர் வந்ததும் தொட்டியை வெறுமையாக்கச் சொல்லுகிறேன், சாரத்துக்கு என்ன செய்யவேண்டுமோ செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமைக் கார் மட்டும் வேண்டாம் என்றேன். சாரம் தோய்த்தால் போகும் என்றார். பிறகு சுவரோரமாக வைத்தால் என்ன என்று கேட்டார். வடக்கே தலை வைக்கிற கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"திசை எண்டால் சரி," என்றார். "எங்களுக்கும் தொழுகிற திசை ஒண்டு இருக்குத்தானே. அந்தப் பக்கம் கால் நீட்டச் சொன்னால் நான் நீட்டுவனோ?"

பிறகு கதிரையை இழுத்து ஏறி நிற்கிற சத்தம். குரல் இன்னும் கிட்ட வந்தது.

"மேசைக்கால் எங்க நிக்குது எண்டு தட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

விசிறிக் காம்பால் கைக்கு எட்டின இரண்டு காலடியிலும் தட்டினேன். கீழிருந்து அவர் விரலால் பதில் தட்டிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பலகையில் ஆணிகள் வரிசையாகப் போகிற இடம்தான் தீராந்தி போகிற வழி, எங்கள் மேசைக்கால்கள் இரண்டு வரிசைக்கும் நடுவே வெறும் பலகையில் நிற்கின்றன என்று நான் சொல்ல, அதைத்தான் தானும் பார்க்கிறேன் என்றார். எண்ணிக்கொண்டு கிடக்க எனக்கு அந்த ஆணிகளைவிட வேறு என்ன இருந்தது? தொட்டி வர முதல் அவைதான் எனக்கு மீன்கள்.

"நெல்லு மூட்டை எண்டால் நான் முண்டு குடுக்காமல் பரணில ஏத்துவனோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

முண்டு கொடுப்பதென்றால் கடைக்கு நடுவில் ஒரு தூண் நிற்கவேண்டும். தராசு வைத்திருக்கிற இடம் அது. நான் கேட்கவில்லை. அவர் தராசைச் சுவரோரமாக இழுக்கிற சத்தம் கேட்டது.

இவர் காருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, வாசலிலேயே நானா மறித்துக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச்சொன்னது கேட்டது. இவர் ஏதோ முறுக்காகத் தொடங்கினார். "தம்பி, ரோசத்தை உங்கட கந்தோரில வைச்சுப்போட்டு வாங்கோ, அங்க முத்திரை குத்தலாம்," என்றார் நானா. இவர் சிரித்துவிட்டார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

அடுத்த நாள் ஒரு பாலை மரக் குற்றி வண்டியில் வந்தது. இரும்பு மாதிரி மரம். பின்வளவில் அதைச் சீவுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்டது. ஜெமீலா ராத்தா, நானாவின் பெண்சாதி, விளிம்பு மடித்த தகரத் தட்டு ஒன்றோடு மேலே வந்தா. தண்ணீர் சிந்தினாலும் தட்டுக்குள் நிற்குமாம். செங்கல்லில் ஏறி நின்ற கட்டிலைக் கண்டதும் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. பிறகு பகிடியாகச் சொன்னா:

"இந்த மனிசனுக்கு விசர். பாதி மரத்தைச் சீவு சீவு எண்டு சீவுது, மேல் பாதி பட்டையோட அப்பிடியே கிடக்குது."

தூணை ஒரு தட்டைக் கல்லின்மேல் நிறுத்தி, தலையில் ஒரு குறுக்குக் கட்டை வைத்து, இரண்டு தீராந்திகளையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி இறுக்கினார்கள். மேலே இவர் கிண்ணங்களை எறிந்துவிட்டு, நீளமான இரண்டு பனஞ்சட்டங்களைத் தீராந்திகளுக்குக் குறுக்கே போட்டார். எங்கள் ஐயாவின் நெற்கூட்டுக்கு அடியில் கிடக்கிறது போல, கீழே காற்றுப் போகிற மாதிரி. அதன்மேல் தட்டு, தட்டில் மேசை, மேசையில் தொட்டி. கறையானுக்கு மண்ணெண்ணெய்த் துணியைக் காலில் சுற்றினார்.

நாயாற்றில் இருந்து கருவாடு கொண்டுவருகிற இளையதம்பி கடைக்குள் வந்து, தூணில் முட்டிக்கொண்டு நின்றார் போலிருக்கிறது.

"என்ன நானா, கடைக்குள்ள கொடிமரமோ?"

"மேல ஒரு குளம் கட்டியிருக்கு. இது அணைக்கட்டு."

பின்னேரம் இவர் கிணற்றில் இருந்து வாளி வாளியாகத் தூக்கி வந்து ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் கீழிருந்து நானா தீராந்தியைப் பார்த்துவிட்டு, "ம், இன்னொண்டு," என்றார். பலகை ஒருக்காலும் முனகவில்லை. சட்டிக்குள் காத்திருந்த மீன்களை இவர் கையால் அள்ளி விட்டார். ஆறும் இருந்தன. அவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது என் வயிற்றுக்குள்ளும் ஒன்று புரண்டது. நான் கையை அங்கே வைத்தேன்.

கீழே கதிரை இழுபட்டது. இந்த முறை நானா மெதுவாகத்தான் கதைத்தார்.

"தங்கச்சி, தூணில மேல் பாதி கரடுதான். கீழ ரெண்டு முழம்தான் கையில சிலாம்பு ஏறாமல் சீவினனான். பிள்ளை தவழ்ந்து வந்து பிடிச்சு எழும்ப அந்த உயரம் காணுமோ?"