அப்பாசாமிக்குப் போட்ட நாற்காலி

இடுப்பு மூட்டை மாற்றி ஒன்பதாவது வாரம், தரையில் சம்மணம் போட்டு உட்காரப் போகிறேன் என்று அப்பாசாமி சொன்னதும் மனைவி சுஷீலா கரண்டியை வாணலிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லிட்டுப் போச்சே!"

அந்தப் பொண்ணு ஷல்வினா. ஆஸ்பத்திரியிலிருந்து செவ்வாய்தோறும் வந்து அவரை நடக்கப் பழக்கியவள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில் என்று பாடம் சொல்லிக்கொடுத்தவள். மூன்று மாதத்துக்குத் தாழ்வாக உட்காரக் கூடாது, குனியக் கூடாது, சம்மணம் கூடவே கூடாது. "மீறினா குண்டு கழண்டு வெளிய வந்துரும் அங்கிள்" என்று விரலை ஆட்டி மிரட்டுவாள். பிஜியின் தலைநகர் சுவாவில், இந்தியர் ஆட்சி வேண்டாமென்று துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்துவைத்த மூன்றாம் வாரம், இரண்டு பெட்டியோடு ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு காலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க அவர்கள் இருந்த ரக்கிரக்கியில் ஆள் இல்லை.

ஆனால் காலைவிடப் பெரிய கவலை அவருக்கு இருந்தது. கரும்புக் காட்டின் முப்பது வருஷக் குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. நில ஆபீஸில் எத்தனை காகிதம் கொடுத்தாலும், பூர்வகுடி நிலத்துக்காரர்களின் ஊரான கோரோவில் பெரியவர் இலாய்சா தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. அவர் வீட்டில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யங்கோனா என்ற பானத்துக்கான வேர்க்கட்டை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். பெரியவர் வேரைத் தொட்டால் சம்மதம். அவர் தலைக்கு மேலே இன்னொருவன் தலை இருப்பது அவமரியாதை.

"கால் சரியில்லன்னு சொல்லி ஒரு நாற்காலி கேளுங்களேன்."

"நாற்காலியா? தர்மேந்திரா உக்காந்தானே, அதுவா?"

பக்கத்துக் காட்டுத் தர்மேந்திரா போன மாதம் அதே வீட்டுக்குப் போய்த் திரும்பியவன், வாசலிலேயே நின்று கத்தினான்: "எனக்கு நாற்காலி போட்டாங்க அண்ணே! வெள்ளைக்கார தொரைக்குப் போடற மாதிரி!" மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து நாளில் அவன் மாடு இரண்டும் காணாமல் போயின. அப்புறம் ஒரு காலையில் ஜன்னல் கண்ணாடி அத்தனையும் உடைந்து கிடந்தது. யார் செய்தது என்று எவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. லாரியில் சாமான் ஏற்றி அவன் குடும்பம் லட்டோக்கா அகதி முகாமுக்குப் போனபோதுதான் சுஷீலாவுக்கு விளங்கியது. "அவனை உக்காரச் சொல்லலைங்க. விருந்தாளின்னு சொல்லிட்டாங்க. விருந்தாளி எழுந்து போயிடணும்" என்றாள். அவனுடைய நாய் இன்னும் அந்தக் காலி வீட்டு வாசலில்தான் படுத்திருந்தது.

அதனால் அப்பாசாமி ஒரு வாரமாகக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து பழகினார். கடைசித் தலையணையை எடுத்தபோது இடுப்புக்குள் ஏதோ அசைந்தது. பயந்துபோனார். மனைவியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாடகை வேன் கோரோ வாசலில் நின்றது. சுஷீலா வேனிலேயே இருந்தாள். வழக்கமாக ஓடிவரும் குழந்தைகள் ஒன்றுகூட வரவில்லை. தடியை வேனில் விட்டுவிட்டு அப்பாசாமி பெரியவர் வீட்டுப் படியேறினார். நல்ல கால் முதலில்.

உள்ளே பாயில் பெரியவரும் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் இருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி.

இதே இலாய்சாவோடு சின்ன வயதில் ஆற்றில் இறால் பிடித்தவர் அப்பாசாமி.

"வா, அப்பாசாமி. உக்காரு. உன் கால் கதையெல்லாம் கேட்டேன்" என்றார் பெரியவர், இந்தியில், மெதுவாக.

"கால் நல்லா ஆயிடுச்சு. நான் பாயிலயே உக்காந்துக்கறேன்."

"வேணாம். நாற்காலியில உக்காரு."

"எப்பவும் உக்கார்ற இடத்துலயே உக்கார்றேன்" என்றார் அப்பாசாமி. வேர்க்கட்டைப் பாயில் வைத்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு பிட்டம். வலது காலை மடக்கினார். புதுக் காலை அதன்மேல் இழுத்தார்.

சத்தம் அறை முழுக்கக் கேட்டது. காய்ந்த குச்சியை முறித்த மாதிரி ஒரே சத்தம்.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கப்படி கையைக் குழித்துத் தட்டி, தலை குனிந்து, மனப்பாடம் செய்து வந்ததை எல்லாம் சொன்னார். தன் அப்பா இங்கே கொடுத்த வாக்கு, முப்பது வருஷக் குத்தகை, இன்னும் ஒரு பத்து வருஷம் வேண்டும் என்று. வியர்வை மூக்கு நுனியிலிருந்து பாயில் சொட்டியது. சொல்லி முடித்து வேர்க்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவரின் கை மடியிலேயே இருந்தது.

"ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஊர்ப் பசங்க இப்ப என் பேச்சைக் கேக்கறதில்ல. உன் ஜன்னல் உடையறதுக்கு முன்னாடி நீ மரியாதையாப் போகணும்னுதானே நாற்காலி போட்டேன்."

அப்பாசாமி எழுந்திருக்கப் பார்த்தார். கால் உள்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகக் கிடந்தது. அது தன்னுடைய கால் மாதிரியே அவருக்குத் தெரியவில்லை. நான்கு இளைஞர்கள் அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். அப்போதுதான் கத்தினார். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். வேர்க்கட்டு பாயிலேயே கிடந்தது.

வேன் கதவைத் திறந்துகொண்டு சுஷீலா ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அவள் அவர் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.