கை வெளியே வராத பேரம்

சித்தூர் மாட்டுத் தரகர் சென்னிமலைக்கு வாயை விட விரல்தான் அதிகம் பேசும். வாங்குகிறவன் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே அவன் விரல்களைப் பிடித்து விலை பேசினாரென்றால் பல் போன எருதும் நல்ல விலைக்குப் போய்விடும். கை வெளியே வந்தால் பேரம் முடிந்தது. அப்புறம் பேச்சே கிடையாது.

அவர்தான் ஒரு நாள் சந்தையில் தலைசுற்றி, விற்க வந்த மாட்டின் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிசிலி பிரஷர் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றினார். துணி மேலே பட்டதும், பழக்கதோஷம், சென்னிமலை டாக்டரம்மாவின் விரலைத் தேடினார். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு என்று கேட்டதும் சொன்னார்:

"நூத்தம்பதுக்கு முடிச்சுக்கலாமுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. உப்பைக் குறைத்து, ஊறுகாயை மறந்து, தினமும் மாத்திரை விழுங்கச் சொன்னார். இல்லாவிட்டால் ஒரு நாள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வலது கை விழுந்துவிடுமாம். சென்னிமலை தம் விரல்களை ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் நூற்று நாற்பது. கேட்ட விலைக்கும் பத்து கீழே! சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். மிச்ச மாத்திரை பரணுக்குப் போனது. முடிந்த பேரத்தை எவனாவது தொடர்வானா? மாங்காய் ஊறுகாய் திரும்ப இலைக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து மனைவி நாச்சம்மாள் அவரை இழுத்துக்கொண்டு வந்தபோது பாதரசம் இருநூற்றில் நின்றது. தலைவலிகூட இல்லையே என்று சாதித்தார். வலிக்காமலே ஏறுவதுதான் இதன் குணம், மாத்திரை அதை இறக்கித்தான் வைத்திருந்தது, போக்கிவிடவில்லை என்றார் டாக்டர்.

நாச்சம்மாள் புருஷன் தோளிலிருந்த துண்டை உருவி அவர் வலது கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள். சென்னிமலை ஒரு விரலை நீட்டினார்: ஒரு மாதம் விழுங்குகிறேன். அவள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தாள்.

"அஞ்சு மாசமா புள்ள?"

"மாசக் கணக்கில்லீங்க. இந்தக் கை இருக்கற மட்டுக்கும்."

"கைய வுடு, டாக்டரம்மா பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க."

வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். சென்னிமலை இழுத்தார், திருகினார், கடைசியில் சரி என்றார். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை; எடுத்தால் பேரம் முடிந்துவிடுமே. துண்டும் கையுமாகவே இருவரும் பஸ் ஏறினார்கள்.

சந்தைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, எந்த மாட்டுக்கு இந்தப் பேரம் என்று விசாரித்தார்.

"நாந்தானுங்க அந்த மாடு" என்றார் சென்னிமலை.