ஒன்பது பத்துக்கு மூடிய கேட்

இன்பசேகரன் சாருக்கு நேரம் என்றால் உயிர். பயிற்சி வகுப்பு பத்து மணிக்கென்றால், பத்து அடித்ததும் அவரே எழுந்து போய் அரங்கக் கதவைச் சாத்திவிடுவார். பிறகு வருகிறவர்கள் டீ வரும்வரை வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். "ஸ்கூல் நடத்தப் போறவங்களுக்கு மொதல்ல கடிகாரம் பாக்கத் தெரியணும்" என்பார். இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று முதல் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டே மாதத்தில் அதே வாக்கியத்தை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தலைமையாசிரியர் ஆகத் தகுதியுள்ளவர்கள் என்று அந்தந்தப் பள்ளி அனுப்பிவைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு டிரஸ்ட் நடத்தும் ஃபெல்லோஷிப் அது. ஒரு வருடம். மாதம் இரண்டு சனிக்கிழமை வேலூரில் வகுப்பு. கடைசி மூன்று மாதம் வேறொரு பள்ளியில் இருந்து, அங்கே ஏதாவது ஒன்றைச் சரிசெய்து காட்ட வேண்டும். ஆம்பூரில் எங்கள் மிஷன் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போனோம், நானும் பிரேம்நாத்தும். பிரேம்நாத் என்னைவிட எட்டு வயது சின்னவர், என்னைவிட எட்டு மடங்கு பணிவு. எங்கள் எச்.எம். மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று கரெஸ்பாண்டென்ட் ஆல்வின் ஐயா சொல்லியிருந்தார். கடைசி நாள் நாங்கள் பேசுவதைக் கேட்க அவரே வேலூருக்கு வருவதாகவும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்குக் கிடைத்தது பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. அங்கே எச்.எம். விஜயகுமாரி மேடம். நல்ல மனுஷி. எதற்கும் "பாத்துக்கலாம்" என்பார். முதல் வாரம் வாசலில் நின்று எண்ணி, பெயர்களையும் குறித்துக்கொண்டேன். பிரேயர் முடிந்த பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் முப்பத்தொரு பேர். எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்குங்க, அதை மட்டும் அளந்து காட்டுங்க" என்று இன்பசேகரன் சார் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டேன். ஒன்பது பத்துக்கு கேட் மூடப்படும். லேட்டாக வருகிறவர்கள் தட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், லேட் நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும்.

வாட்ச்மேன் கன்னியப்பனிடம் சொன்னேன். ஒரு ஷூ கம்பெனி கேட்டில் இருபது வருடம் நின்றவர் அவர்.

"மூடிடணுமா மேடம்?"

"மூடிடுங்க."

"சரி மேடம்" என்றார். அவ்வளவுதான்.

முதல் வாரம் நோட்டில் ஒன்பது பேர். அடுத்த வாரம் மூன்று பேர். பிப்ரவரி நடுவில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். இன்பசேகரன் சார் அதை மற்ற இருபத்தொரு பேருக்கும் காட்டி, "இதுதான் லீடர்ஷிப்" என்றார். பிரேம்நாத் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறுதிப் பேச்சு மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய நாள், ஏதோ படிவத்துக்காக ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. நான் அளப்பது லேட்டைத்தானே? பக்கம் முழுக்க 'ஆ' என்று இருந்தது. ஆப்சென்ட். ஃபீபி என்ற பெண் மூன்று வாரமாக வரவே இல்லை. மற்ற வகுப்புப் பதிவேடுகளையும் வாங்கி, ஜனவரியில் நான் வாசலில் எண்ணிய முப்பத்தொரு பேரின் பட்டியலோடு ஒப்பிட்டேன். பெரும்பாலும் அதே பெயர்கள்.

நேரே கேட்டுக்குப் போனேன். "கன்னியப்பன், லேட்டா வர்ற பசங்க தட்டறதில்லையா?"

"தட்ட மாட்டாங்க மேடம். மூடியிருக்கறதப் பாத்ததும் திரும்பிப் போய்டுவாங்க. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க வூட்டுப் பசங்க இல்ல? அங்க கேட் மூடினா அன்னிக்கு வேலை இல்ல. தட்டினா திட்டுதான் ஜாஸ்தி."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே மேடம். மூடுன்னீங்க, மூடினேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் அம்மாவும் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவர்தான். பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் அரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்து, "கேட்ட மூடிட்டான்" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்துவிடுவார். ஒருநாளாவது தட்டிப் பார்த்தாயா என்று யாரும் கேட்டதில்லை. தட்டுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. அந்த வீட்டில் வளர்ந்தவள், பிள்ளைகள் தட்டுவார்கள் என்று எப்படி நம்பினேன்?

சாயங்காலம் ஃபீபியின் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டு முன்னறையில் நாலைந்து பெண்களோடு தரையில் உட்கார்ந்து ஷூ அப்பரில் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசியை மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏன்மா வர்றதில்ல?"

"லேட்டாவுது மிஸ். அம்மாவுக்கு ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். தம்பிய அங்கன்வாடில வுடணும். ஆயாம்மா வந்து தொறக்கவே ஒம்போது ஆயிடும். அங்கேர்ந்து ஓடி வந்தாலும் கேட் மூடிடுது."

"தட்டியிருக்கலாமில்ல?"

நான் ஏதோ புரியாத பாஷை பேசியதுபோல் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த பெண், "நாளைலேர்ந்து மேஸ்திரி இவ பேர எழுதிக்கறேன்னாரு டீச்சர். முழு நேரத்துக்கு" என்றார். "வூட்ல சும்மாதானே கீறா."

அவள் வீட்டில் சும்மா இருப்பதற்குக் காரணம் நான். அதை அந்த அறையில் வைத்தே சொன்னேன். "நாளைக்கு கேட் திறந்திருக்கும். எத்தனை மணியானாலும் வா. உன்ன மாதிரி வராம இருக்கறவங்ககிட்டயும் சொல்லு."

ஃபீபி நம்பவில்லை. "நீங்க அங்க நிப்பீங்களா மிஸ்?" என்றாள்.

நாளைக்குத்தான் வேலூர். இறுதிப் பேச்சு பதினோரு மணிக்கு, அடித்ததும் கதவை மூடிவிடுவார்கள். குடியாத்தம் வழியாக பஸ் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரமாகும். ஒன்பதுக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். தெருவில் இறங்கி நின்று விஜயகுமாரி மேடத்துக்கு போன் போட்டு, எனக்குப் பதில் நீங்கள் நிற்க முடியுமா என்று கேட்டேன். அவர் முதல்முறையாகப் "பாத்துக்கலாம்" என்று சொல்லவில்லை. "மூடினது நீங்க ஜெயபுஷ்பம். நான் நின்னா, மறுபடி மூட பின்னாடி நீங்க இருக்கீங்கன்னுதான் பசங்க நெனப்பாங்க" என்றார். போனை வைத்துவிட்டு அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் திட்டினேன். பிறகு ஃபீபியிடம், "நிப்பேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டுப்புடவையோடு கேட்டில் நின்றேன். ஒன்பதே கால் வரை வெயிலும் கன்னியப்பனும்தான் துணை. பிறகு ஒருவன் வந்தான், தெருமுனையில் நின்று பார்த்தான், என்னைக் கண்டதும் திரும்பப் போனான். கூப்பிட்டேன். வந்தான். அப்புறம் இரண்டு பெண்கள். அப்புறம் கும்பலாக ஐந்து பேர். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்க்கப் பார்க்கப் பேஜாராக இருந்தது. ஒன்பது நாற்பதுக்கு ஃபீபி ஓடி வந்தாள், விரலில் ஊசி குத்திய இடத்தில் துணி சுற்றியிருந்தது. மூச்சு வாங்க நின்று, "லேட் நோட்டு எங்க மிஸ்?" என்று கேட்டாள்.

"கன்னியப்பன்கிட்ட இருக்கு. எழுதிட்டு ஓடு" என்றேன்.

வேலூரில் இறங்கி அரங்கத்துக்கு ஓடியபோது மணி பதினொன்று நாற்பது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரேம்நாத்தின் குரல் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் படியிறங்கினேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கின. இனி என்ன, முடிந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம் என்று மனம்கூட அமைதியாகிவிட்டது. நாலாவது படியில்தான் ஃபீபியின் முகம் நினைவுக்கு வந்தது. தட்டியிருக்கலாமே என்று நான் கேட்டபோது அவள் என்னைப் பார்த்த பார்வை. மேலே ஏறி வந்து கதவைத் தட்டினேன்.

இன்பசேகரன் சார் பாதி திறந்தார். "மேடம், நாப்பது நிமிஷம்" என்றார் மெதுவாக.

"ஆமா சார், லேட்டுதான். ஏன்னு கேளுங்க."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. "ஏன்?" என்றார் கடைசியில்.

வாசலில் நின்றே சொன்னேன். என் பூஜ்யம் பொய் என்று சொன்னேன். பிள்ளைகள் நேரத்துக்கு வரவில்லை, வராமலே நின்றுவிட்டார்கள், இரண்டு மாதம் நான் பதிவேட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அது திட்டத்தில் இல்லை. பிரேம்நாத் பேச்சை நிறுத்திவிட்டு, முன்வரிசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அவர்மேல் எனக்கிருந்த பொறாமையில் பாதி அங்கேயே போய்விட்டது.

ஆல்வின் ஐயா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். "இன்னிக்கு எத்தன பேர் லேட்டு?"

"பதினாலு பேர் ஐயா. என்னையும் சேத்தா பதினஞ்சு."

அவர் சிரித்தார். ஆனால் நாற்காலி பிரேம்நாத்துக்குத்தான் போனது. "பதிவேட்டப் பாக்காம ரெண்டு மாசம் கேட்ட மூடி வெச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் கத்துக்குங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்றால் அழுகைதான் வரும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள், ஆம்பூரில் எங்கள் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வேலையைப் பிரேம்நாத்திடம் நானேதான் கேட்டு வாங்கியிருந்தேன். கன்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

"அந்தப் பொண்ணு வந்துட்சி மேடம். பத்தாங் கிளாஸ். ஒம்போது இருவத்தஞ்சு. நோட்டுல எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க கன்னியப்பன்" என்றேன். "தெனமும் எழுதுங்க."