மூன்றாவது வளைவு

திங்கட்கிழமை காலை வாண்டுவின் பந்தய வண்டிமேல் அவளுடைய சொந்த அண்ணனே காரை ஏற்றிவிட்டான். ஏற்ற வேண்டும் என்று ஏற்றவில்லை. பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மனிதன் அந்த "அவ்வளவுதான்" என்பதைத் தன் மனைவி முன்னால் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தான் பாருங்கள், அங்கேதான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அவ்வளவுதானா? ஏங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணுக்குத் தகுதிப் போட்டி, உங்களுக்கு அவ்வளவுதானா? பின்னாடி பார்க்கறதுக்குன்னு கார்ல ஒண்ணுக்கு மூணு கண்ணாடி வெச்சிருக்கான். எதுக்கு? நீங்க தலை சீவறதுக்கா?"

வாண்டு என்றதும் யாரோ சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வயது. வீட்டின் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் பலமில்லை. அதற்கும் சேர்த்துத் தோள்களில் இருந்தது. கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் சாய்ந்துகொண்டு அவள் கிளம்பினால் சைக்கிள்காரர்கள் தாமாகவே ஓரங்கட்டிக்கொள்வார்கள். போன வருடத் தகுதிப் போட்டியில் நான்காவதாக வந்தாள். நாட்டு அணிக்கு மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அந்த ஒரே ஒரு இடத்துக்காக ஒரு வருடமாக விடிந்தும் விடியாமலும் எழுந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நசுங்கிக் கிடந்த வண்டியை வாண்டு பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "அண்ணி, நீங்க செஞ்சு குடுத்துடுங்க" என்றாள், ஏதோ பொத்தான் தைத்துத் தரச் சொல்வது போல.

அண்ணிக்கு வேலை ஒரு பட்டறையில். பேருந்து இருக்கைகளுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கும் குழாய் வளைத்துக் கொடுக்கிற பட்டறை அது. மாடியில் கம்ப்யூட்டர் அறை. அங்கே உட்கார்ந்து முப்பரிமாண மென்பொருளில் குழாய்களை வரைவதுதான் அவள் வேலை. வரைவதில் கெட்டிக்காரி. பொறுமையில் மட்டும் கொஞ்சம் பஞ்சம். எதுவும் நேற்றே முடிந்திருக்க வேண்டும் அவளுக்கு.

வண்டியில் கெட்டுப்போனது ஒரே ஒரு உறுப்புதான், ஆனால் அதுதான் உயிர். இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பி, முன்னால் ஓடி, மேலே ஏறி, சங்கிலிக்கு வழிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய் முன்சக்கரத்தைப் பிடிக்கிற குழாய். நாலு வளைவு, ஒரே குழாய், நடுவில் ஒட்டு கிடையாது. அதன் நடுப்பகுதி இப்போது தட்டையாகிவிட்டது. இரண்டு முனைகளும் மட்டும் தப்பித்திருந்தன.

செவ்வாய் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அண்ணி அளவெடுத்தாள். அடிப்பக்கம்தானே தெரிய வேண்டும்! கணவன் வாயைத் திறக்காமல் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசும் உரிமையெல்லாம் திங்கட்கிழமையே பறிபோயிருந்தது.

"பைப்பு கிடைக்குமா அண்ணி?" என்றாள் வாண்டு.

"எங்க ஸ்டோர்ல அந்த லேசான ரகம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. முதலாளி எடுத்துக்கச் சொல்லிட்டார். புதுசா வரவழைச்சா ஒரு மாசம் ஆகும்."

"ஒண்ணு போதுமே" என்றாள் வாண்டு. தப்பினால் இன்னொன்று கிடையாது என்பது அண்ணிக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் சாப்பிடக்கூடப் போகாமல் வரைய உட்கார்ந்தாள். கவிழ்த்து எடுத்த அளவாச்சே, உயரத்தையெல்லாம் மேல் கீழாகத் திருப்பி எழுதிக்கொண்டாள். திரையின் வெற்று வெளியில் புள்ளி வைத்தாள். புள்ளியிலிருந்து ஒரு கோடு முன்னால் போனது, அங்கிருந்து ஒன்று மேலே, மறுபடி முன்னால், பக்கவாட்டில், கடைசியாக நேரே. ஐந்து கோடுகள், நாலு மூலைகள். மூலைகளை எல்லாம் கீழே இருக்கிற வளைப்பு மெஷினுக்குத் தோதாக வளைவாக்கினாள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மெஷின் கவ்விப் பிடிக்க நேரான இடம் விட்டாள். பிறகு தொடக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதை அந்தக் கோட்டின் வழியே ஓடவிட்டாள்.

அடடா! அந்தக் கணத்தை அவள் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பாள், இருந்தாலும் சலிக்கவில்லை. ஒல்லிக் கோடு திடீரென்று சதை பிடித்து, பளபளவென்று முழுக் குழாயாக நின்றது. மவுஸைப் பிடித்து மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து என்று சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். "என் ராசாத்தி!" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சங்கிலியையும் சக்கரத்தையும் கூடவே வரைந்து பொருத்திப் பார்த்திருக்கலாம். நேரமில்லை, விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை வளைப்பு மெஷின்காரரிடம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வளைவுக்கு ஒரு வரியாக நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள்: எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும். மெஷின்காரருக்குப் பட்டறையில் நிதானம் என்று பெயர். குழாயைத் துடைப்பார், எண்ணெய் தடவுவார், மறுபடி துடைப்பார். பார்க்கிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

"அண்ணே, அது பைப்பு, பச்சைக் குழந்தை இல்ல. போதும் துடைச்சது."

"ஒண்ணுதான் இருக்குன்னு நீதானேம்மா சொன்ன? ஒண்ணே ஒண்ணுன்னா குழந்தை மாதிரிதான்."

முதல் வளைவு அழகாக விழுந்தது. குழாய் மேலே ஏறியது. இரண்டாவது வளைவில் மறுபடி சமமாகப் படுத்தது. அண்ணி மூச்சே விடவில்லை. நிதானம் காதுக்கு மாட்டிய கவசத்தைச் சரிசெய்துகொண்டு அளவுகோலை எடுத்து நிதானமாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். அதற்குள் மாடியிலிருந்து முதலாளி கூப்பிட்டார். கட்டில் வரைபடத்தில் ஏதோ சந்தேகமாம், இந்த நேரம் பார்த்து!

முணுமுணுத்துக்கொண்டே போனாள். தூசி வரக்கூடாது என்று கம்ப்யூட்டர் அறைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். உதறிவிட்டு உள்ளே போய், முதலாளியின் சந்தேகத்தை அரை நிமிடத்தில் தீர்த்துவிட்டு வெளியே வந்தாள். காலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உதறிய வேகத்தில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. இடது கால் செருப்புதான். ஆனால் கவிழ்ந்து கிடந்ததில் வலது கால் செருப்பு போலவே இருந்தது. இரண்டும் ஒரே காலுக்குச் செய்தவை போல ஜோடியாகக் கிடந்தன.

கவிழ்த்தால் இடது வலதாகும். செருப்புக்கே அப்படியென்றால் வண்டிக்கு?

"ஐயையோ! உயரத்தைத் திருப்பினேன், பக்கத்தைத் திருப்பலையே!"

கிடைத்த ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு படிகளில் ஓடினாள். "அண்ணே! நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!" கவசம் மாட்டிய காதில் எதுவும் ஏறவில்லை. மெஷின் குழாயை முன்னால் தள்ளிவிட்டது, திருப்பியும் விட்டது. வளைக்கும் கை கவ்வுவதற்கு மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி பாய்ந்து வந்து, மெஷினை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தாள்.

மெஷின் அப்படியே நின்றது.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" நிதானம் கவசத்தைக் கழற்றி வீசினார். அவர் குரலை உயர்த்தி அங்கே யாரும் கேட்டதில்லை. "நடுவுல நிறுத்தினா மெஷின் என்னத்துக்கு ஆகும்?"

அண்ணி போனை எடுத்து வீட்டில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, வண்டிகிட்ட போங்க. நிமிர்த்தி வையுங்க. அதுல உட்காருங்க. சங்கிலி உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க!"

"அதுமேல கார் ஏத்தினவனே நான்தான், எனக்குத் தெரியாதா?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். சங்கிலி வலப்பக்கம் என்றால் குழாய் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அவள் வரைந்ததோ நேராகச் சங்கிலிக்குள் போய் மாட்டிக்கொள்கிற குழாய். மூன்று நாளாகக் கணவனைக் கண்ணாடி பார்க்கவில்லை என்று வறுத்தெடுத்தவள், தான் மட்டும் என்ன பார்த்துக் கிழித்தாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்த ஒரே குழாய் இரண்டு வளைவு வாங்கிக்கொண்டு மெஷினில் நிற்கிறது. வாண்டுவிடம் போய் என்ன சொல்வாள்?

"போச்சுண்ணே. பக்கம் மாத்தி வரைஞ்சுட்டேன். எல்லாம் போச்சு."

நிதானம் குழாயைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் கண் விரிந்தது. இதுவரை விழுந்த இரண்டு வளைவும் மேலும் கீழும்தான். தரையில் போட்டால் தட்டையாகப் படுக்கும். அதில் இடதும் கிடையாது, வலதும் கிடையாது! பக்கம் என்ற ஒன்று பிறப்பதே மூன்றாவது வளைவில்தான்.

"அண்ணே! ஒண்ணும் போகல! மூணாவது வரியில திருப்பற எண்ணைப் பாருங்க. கூட்டல் தொண்ணூறு. அதைக் கழித்தல் தொண்ணூறாக்குங்க. அந்தப் பக்கம் திரும்பறதுக்குப் பதிலா இந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான்!"

"நாலாவது?"

"அது பாதிச் சுத்து. எந்தப் பக்கமா சுத்தினாலும் ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். அதைத் தொடவே வேண்டாம்!" அண்ணி துள்ளிக் குதித்தாள், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும்.

நிதானம் தாளில் கூட்டல் குறியை அடித்துவிட்டுக் கழித்தல் குறி போட்டார். மெஷின் உயிர் பெற்று எழ இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் அவர் குழாயை இன்னொரு முறை துடைத்தார். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமானால் இன்னும் பத்து முறை துடைத்துக்கொள்ளட்டும். பிறகு மூன்றாவது வளைவு விழுந்தது, இடப்பக்கமாக. நாலாவதும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வாண்டு பட்டறைக்கு வந்தாள். முனைகளைப் பற்றவைத்து, சக்கரம் மாட்டி, நிதானம் கடைசி நட்டுகளை முடுக்கிக்கொண்டே அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சங்கிலி குழாயைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் ஓடியது. ஏறி உட்கார்ந்தவள் ஒரு வட்டம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. நேராகச் சரக்கு ஏற்றும் சரிவின் உச்சிக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, முழு வேகத்தில் கீழே விட்டாள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது வாண்டு வாசல் கேட்டைத் தாண்டியிருந்தாள். பட்டறை மொத்தமும் கை தட்டியது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை அண்ணி எங்கே ஒழுங்காகப் பார்த்தாள்? பாதி நேரம் கண்ணை மூடியிருந்தாள், மீதி நேரம் கத்திக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் வாண்டு நான்காவதாக வந்துகொண்டிருந்தாள். அதே பாழாய்ப்போன நான்காவது! கடைசித் திருப்பத்தில் முன்னால் போனவள் கொஞ்சம் அகலமாகத் திரும்பினாள். வாண்டு உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, கிடைத்த இடுக்கில் வண்டியை நுழைத்தாள். அதற்கப்புறம் இரண்டு தோள்கள் மட்டும்தான் தெரிந்தன, மெஷின் மாதிரி இயங்கிக்கொண்டு.

"விடாதடி! விடாத! மிதி... சுத்து! சுத்துடி!" அண்ணியின் தொண்டை கட்டிப்போனது. கணவன் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது. அரைச் சக்கர இடைவெளியில் மூன்றாவது!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணி ஓடினாள். வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்க, வாண்டு வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடிக்க வந்த அண்ணிக்கு, மூன்று நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததுதான் முதலில் வாயில் வந்தது.

"நான் தப்பா வரைஞ்சுட்டேன்டி. அன்னைக்கு ஒரு நொடி தவறியிருந்தா பைப்பு பாழாப் போயிருக்கும். நீ இன்னைக்கு இங்க வந்திருக்கவே மாட்ட. உங்க அண்ணனைத் திட்டின வாயால உன்கிட்ட இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"தெரியும் அண்ணி. வெள்ளிக்கிழமை நட்டு முடுக்கும்போதே மெஷின்காரர் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா அந்தச் சரிவுல அப்படி விட்ட?"

"நீங்க ஒத்தச் செருப்போட ஓடி வந்து நிறுத்தினீங்கன்னு சொன்னாரு. எனக்காக அப்படி ஓடி வர ஆளு செஞ்ச வண்டியில பயம் எதுக்கு அண்ணி?"

அண்ணிக்கு அழுகைதான் வந்தது, அதுவும் ஊர் பார்க்க, ஓவென்று.

"ஐயோ, ஜெயிச்சது நான், அழறது நீங்களா?" வாண்டு அவள் கையைப் பிடித்து இழுத்து, முன்னால் ஓடுகிற குழாயைத் தட்டிக் காட்டினாள். "நின்னு நின்னு கால் நடுங்குது பாருங்க. இதுமேல உட்காருங்க. தாங்கும்."

அண்ணி உட்கார்ந்தாள்.