பிள்ளையைக் கேட்கச் சொன்ன கேள்வி

சோதிலிங்கத்துக்கு நித்திரை இல்லாமல் போனதை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இத்தாலியில், நேப்பிள்ஸ் போகும் கப்பல்களில் அறைகளைத் துப்புரவு செய்பவர், நேரகாலமில்லாத வேலை. பிறகு சாப்பாடு குறைந்தது. பிறகு பேச்சும் நின்றது. வேலை உடுப்போடேயே பல்கனியில் போய் இருப்பார். மனைவி சிவமலர் கொண்டுபோய் வைக்கும் தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்து கிடக்கும்.

குடும்ப வைத்தியர் மனநல நிலையம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சோதிலிங்கத்தின் இத்தாலியன் வாளியும் துடைப்பமும் கேட்டு வாங்கப் போதும். மனதில் கிடப்பதைச் சொல்லப் போதாது. "உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாளே, அவளையே கூட்டி வாருங்கள்" என்றார்கள். பதினைந்து வயதுச் சயந்தினி அன்று பள்ளிக்கூடம் போகாமல் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள்.

வைத்தியர் இளம் பெண், இரக்கமானவர். நித்திரை, சாப்பாடு பற்றியெல்லாம் கேட்டார். சயந்தினி சளைக்காமல் மாற்றிச் சொன்னாள். பிறகு வைத்தியர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். அதில் 'மொரீரே' என்ற சொல் இருந்தது. சாவது என்பதற்கு இத்தாலியனில் அதுதான் சொல் என்று சிவமலருக்குத் தெரியும். அவள் வேலைக்குப் போய்ப் பராமரிக்கும் கிழவி நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சயந்தினி தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குச் சரியான கவலையா இருக்கோ?"

சோதிலிங்கம் சிரிக்கப் பார்த்தார். "இல்லையம்மா. நீ இருக்கேக்கை எனக்கென்ன கவலை?"

"இல்லையாம்" என்று மகள் இத்தாலியனில் சொன்னாள். வைத்தியர் தலையாட்டி, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தார். சிவமலரின் வாய்வரைக்கும் வந்தது வெளியே வரவில்லை.

அந்த நாள் வருவதற்குள் சோதிலிங்கம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சனத்திடம் மாரடைப்பு என்று சொன்னார்கள். சயந்தினி அழவில்லை, படித்தாள், சாப்பிட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வீட்டில் யாருக்காகவும் எதையும் மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள். ஏன் என்று சிவமலர் கேட்கவில்லை. கேட்டால் அந்த அறைக்குள் திரும்பவும் போகவேண்டும்.

கொலெட் மொரீசியஸ்காரி, சிவமலர் வேலைசெய்யும் கட்டடத்திலேயே இன்னொரு மாடியில் வேலை. தமிழ்ப் பரம்பரை என்றாலும் தமிழ் தெரியாது. இருவரும் இத்தாலியனில்தான் கதைப்பார்கள். வீட்டு வேலையாட்கள் சங்கம் ஒரு சட்டம் கேட்டுப் போராடுவதை அவள்தான் சொன்னாள். மன ஆலோசனைக்கு வருகிறவருக்கு அவருடைய மொழியில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அரசு தரவேண்டும். பிள்ளைகளை அந்த இடத்தில் இருத்தக்கூடாது. மாதக்கணக்கில் காக்க வைக்கவும் கூடாது.

"சட்டசபைக் குழு ஆட்களை அழைத்து விசாரிக்கப் போகிறது. பட்டவர்கள் வந்து பேசினால்தான் அவர்களுக்கு உறைக்கும்" என்றாள் கொலெட்.

சிவமலர் போய்ப் பேச ஒத்துக்கொண்டது அன்று மாலையே சோதிலிங்கத்தின் தம்பி சிவபாலன் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணி, உங்களுக்கென்ன விசரே? நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை சனம் என்ன சொல்லும்?"

"சனம் அண்டைக்கு அந்த அறைக்குள்ளை இருக்கேல்லைத் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

விசாரணைக்குச் சயந்தினியும் வந்தாள். வருவாள் என்று சிவமலர் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். குழுத் தலைவர் சுற்றிப் பார்த்து, "உங்களுக்கு மகள் மொழிபெயர்ப்பாளா?" என்றார். பக்கத்தில் இருந்த கொலெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள் சிவமலர். அடுப்படிகளில் பொறுக்கிய இத்தாலியனில் தானே பேசினாள். வினைச்சொற்கள் தடுமாறின.

"சாக நினைக்கிறாயா என்று கணவரைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கச் சொன்னது என் பிள்ளையை. அவள் வேறொன்று கேட்டாள். எனக்கு விளங்கியது. நானும் பேசாமல் இருந்தேன். எந்தப் பிள்ளை தகப்பனிடம் அதைக் கேட்கும்? பிழை அவளுடையது இல்லை. அந்தக் கேள்வியைச் சுமக்க ஒரு பெரிய ஆளை வையுங்கள்."

அவள் திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் மகள் இல்லை.

சயந்தினி வெளிப்படிக்கட்டில் வெயிலில் நின்றாள்.

"நான் மாத்திக் கேட்டது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே தெரியும் பிள்ளை."

"நான்தான் அப்பாவைச் சாக்காட்டிட்டன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான். ஒரு வார்த்தை, அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

சிவமலர் கையை நீட்டினாள். சயந்தினி அதைத் தட்டிவிட்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

சட்டம் அடுத்த பனிக்காலத்தில் நிறைவேறியது. கொலெட் போனில் கத்திச் சிரித்தாள், அழுதாள். "உன் பேச்சுத்தான்!" என்றாள். சிவமலர் நன்றி சொன்னாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு கிழவிக்குச் சூப் ஆற்றினாள்.

வீட்டில் மகளிடம் சொன்னாள். "எல்லாருக்குமோ?" என்று கேட்டாள் சயந்தினி.

"எல்லாருக்கும். அந்தந்தப் பாஷைக்கு ஆள் வருமாம்."

சயந்தினி தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாள். கொஞ்சத்தில் உள்ளே இருந்து சத்தம் வந்தது. தகப்பனின் செத்தவீட்டில் வராத அழுகை. சிவமலர் கதவைத் தட்டாமல் உள்ளே போய்க் கட்டிலில் இருந்தாள். இந்தமுறை மகள் அவளைத் தள்ளவில்லை.

"அம்மா, சரியாக் கேட்டிருந்தா அப்பா என்ன சொல்லியிருப்பார்?"

சிவமலர் அவளின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"தெரியாது பிள்ளை" என்றாள். "எனக்குத் தெரியாது."