சத்தம் குறைவானது எது

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் கறுப்புத் துணி ஒன்றை விரித்து, இரண்டு கேமராக்களையும் அருகருகே வைத்தார். வாரக்கணக்கில் போன் திரையிலேயே பார்த்துப் பழகிய முகங்கள். நேரில் பார்த்ததும் எனக்கு லேசாகப் படபடப்பாகக்கூட இருந்தது. இரண்டுமே புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான டிஎஸ்எல்ஆர். கூடவே வரும் லென்சும் ஏறக்குறைய ஒன்றுதான். இடது பக்கம் இருந்ததற்குப் பிடி தடிமன், பேட்டரி அதிகம் தாங்கும், நொடிக்கு இரண்டு படம் கூடுதலாக எடுக்கும். வலது பக்கம் இருந்தது எடை குறைவு; அதன் திரை கதவு மாதிரி வெளியே திறந்து எந்தப் பக்கமும் திரும்பும். இதையெல்லாம் கடைக்காரர் எனக்குச் சொல்வதற்கு முன் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்தவர் என்று தெரிந்தது.

நான் எதையும் சட்டென்று வாங்குகிறவன் இல்லை. எந்தக் குடை நல்லது என்று நான் முடிவு செய்வதற்குள் மழைக்காலமே முடிந்துபோன கதை எங்கள் வீட்டில் உண்டு. ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் தன் போனில் என் எண்ணை ‘ரிவ்யூ அப்பா’ என்றுதான் பதிந்துவைத்திருக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருக்க, தன் காலடியில் ஒரு பிரேக்கை மட்டும் நம்பி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதையும் இரண்டு தரம் யோசிக்கிற புத்தி தானாக வந்துவிடும். அதனால் என் மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “எனக்கு ஒரு நல்ல கேமரா வேணுங்க. போன்ல இருக்கிறது இல்ல, தனியா கேமராவே வேணும்” என்று சொன்னபோது, எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றாமல் உற்சாகமாக வேலையில் இறங்கிவிட்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். தெருவில், காய்கறிக் கடையில், என் நண்பர்களுக்குக்கூட அவள் ‘சிஸ்டர்’தான். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் நான். வார்டில் நடப்பது எதையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் பால்கனியில் நின்று, பின்பக்கத்து மரத்தில் வந்து உட்காரும் பறவைகளைப் பார்ப்பாள். கேமரா அதற்குத்தான் என்று நானே முடிவு செய்து, பறவைக்கு எது தோது என்று தேடித் தேடி, இடது பக்கக் கேமராவுக்கு மனதுக்குள் மகுடமும் சூட்டியிருந்தேன்.

“மேடம் என்ன எடுக்கப் போறாங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

“பறவைங்க” என்றேன் நான்.

“குழந்தைங்க” என்றாள் அவள், அதே நேரத்தில்.

கடைக்காரர் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதான் சார், ஒரு இடத்துல நிக்காது. கண்ணை மூடிட்டு இதை எடுத்துக்குங்க.” இடது கேமராவைத் தூக்கி, கடையின் மறுகோடியை நோக்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அது டடடடவென்று பொரிந்து தள்ளியது. “பாத்தீங்களா? பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் விடாது.”

“ஓடாதுங்க” என்றாள். “இப்பதான் பொறந்த குழந்தைங்க. ஃபிளாஷ் போடக் கூடாது. ஜன்னல் வெளிச்சம்தான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. எதுல நல்லா வரும்?”

கடைக்காரர் மேசைக்கு அடியில் நிழலில் தன் இடது கையை நீட்டி, இரண்டு கேமராவிலும் அதைப் படமெடுத்துக் காட்டினார். வெளிச்சம் குறையக் குறைய மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரிந்தன. இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலது கேமராவின் படத்தில் மட்டும் கை கொஞ்சம் சிவந்து, ரத்த ஓட்டத்தோடு இருந்தது. “தோல் நிறம் இதுல அழகா வரும் மேடம். குழந்தை ரோஜாப்பூ கணக்கா இருக்கும்.”

அவள் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். “உதடு நீலமா இருந்தா அதை எப்படிக் காட்டும்?”

கடைக்காரருக்கு ஏதோ புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. எனக்குத்தான் விளங்கவில்லை. “எந்தக் குழந்தைக்கும்மா உதடு நீலமா இருக்கும்?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கும் பதில் தெரிந்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடமே பேசினாள். ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரல் அது. “பொறக்கும்போதே உயிர் இல்லாம சில குழந்தைங்க பொறக்கும்ல. சிலது பொறந்து கொஞ்ச நேரத்துல போயிடும். அதுங்களை எடுக்கணும். அம்மா அப்பாவுக்குக் கொடுக்குறதுக்கு.”

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டீவிகளில் ஒரே பெண் ஒரே ஷாம்பூவை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தன் கையின் படத்தைத் திரையிலிருந்து நீக்கினார். “கறுப்பு வெள்ளையில எடுத்தா நிறம் உறுத்தாது மேடம். ரெண்டுலயுமே அது இருக்கு.”

“சத்தம் எதுல கம்மி?”

வேகம், எடை, பேட்டரி, திரை என்று அத்தனையும் ஒப்பிட்டுப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சத்தம் ஒரு விஷயமாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. கடைக்காரர் திரும்பி, “அந்த டீவியெல்லாம் கொஞ்சம் மியூட் பண்ணுங்க” என்று கூட வேலை செய்கிறவரிடம் சொன்னார். கடை அமைதியானது. இடதை ஒரு முறை அழுத்தினார். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்த மாதிரி இருந்தது. வலதில் எதையோ திருப்பிவைத்துவிட்டு அழுத்தினார். உள்ளே கண்ணாடி மெல்ல எழுந்து மெல்லப் படிந்தது. தூங்குகிறவர் பக்கத்தில் யாரோ புத்தகத்தை மூடிவைத்த மாதிரி ஒரு சத்தம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னொரு தரம்.”

அழுத்தினார்.

“இன்னும் ஒரே ஒரு தரம்.” கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தாள். “இதையே குடுத்துடுங்க.”

பயிற்சிக் காரிலேயே வீடு திரும்பினோம். நான் ஓட்டினேன். வழக்கமாக நான் உட்காரும் இடத்தில் அவள், மடியில் கேமராப் பெட்டியோடு. எனக்குள் இருந்தது கோபமா பயமா என்று எனக்கே பிடிபடவில்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வேணாம்னிருப்பீங்க.”

“ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இறந்துபோன குழந்தையைப் போட்டோ எடுத்துக் கையில குடுத்தா, அதைப் பாத்துப் பாத்து அழவா? மறக்க விடுறதுதானே நல்லது?”

கார் குலுங்கி நின்றது. பிரேக் போட்டது நான் இல்லை. சிக்னல் சிவப்பானதையே நான் கவனிக்கவில்லை. எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் கடந்து போனது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்துப் பிரேக்கை அவள் தொட்டதே இல்லை. இப்போதும் காலை எடுக்காமல், வேன் போன திசையைப் பார்த்தபடி பேசினாள்.

“போன மாசம் ஒரு பொண்ணு வந்து வார்டு வாசல் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. முன்னாடி நம்ம வார்டுல குழந்தை தவறிப்போன பொண்ணுதான். என்னம்மான்னு கேட்டா, ‘சிஸ்டர், என் குழந்தைக்குத் தாடையில குழி இருந்துச்சா?’ங்குது. வீட்டுக்காரருக்கு இருக்காம். குழந்தைக்கும் இருந்துச்சுன்னு இவ சொல்றாளாம், இல்லவே இல்லன்னு அவரு சொல்றாராம். அந்தக் குழந்தையைத் துடைச்சுத் துணி சுத்திக் குடுத்தது நாந்தாங்க. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன். வேற வேற மூஞ்சிதான் வருது. தெரியலம்மான்னு சொன்னேன். ‘அப்ப யாருக்குமே தெரியாதா?’ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு.” பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். “யாரும் மறக்கிறதில்லைங்க. மறக்காம வெச்சுக்க அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்.”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது. நான் காரை எடுக்க முயன்று, முதல் நாள் கற்றுக்கொள்ள வந்தவன் மாதிரி இன்ஜினை அணைத்துவிட்டேன்.

பெரிய டாக்டரிடம் அவள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். போனில் எடுக்கக் கூடாது; அது எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? கேமரா வார்டு அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும். பெற்றவர்கள் சம்மதித்தால் மட்டும் எடுக்க வேண்டும். படம் இருக்கிற கார்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். “ஆஸ்பத்திரியிலேயே வாங்கித் தரச் சொல்லலாமே?” என்று கேட்டேன். “அது வந்து சேர்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்” என்றாள்.

சில நாட்கள் பெட்டி பிரிக்கப்படாமலே ஷெல்பில் இருந்தது. அவளுக்கு அதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் கை போகவில்லை. எந்தப் புதுப் பொருள் வந்தாலும் வாசலிலேயே உறையைக் கிழிக்கிறவன், அந்த ஷெல்பைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஒரு சாயங்காலம் ஏதோ தேடப்போய் மகளின் ஆல்பம் அகப்பட்டது. முதல் பக்கத்தில் அவள் பிறந்த அன்றைக்கு எடுத்த படம். யாரோ கை நடுங்க எடுத்தது. பாதி முகத்தை யாருடைய முழங்கையோ மறைத்திருக்கும். மீதிப் பாதியும் கலங்கலாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு எடுத்த எத்தனையோ நல்ல படங்கள் அந்த ஆல்பத்தில் உண்டு. ஆனால் வீடு தீப்பிடித்தால் நான் எதை உருவிக்கொண்டு ஓடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுக் கேமராப் பெட்டியை இறக்கினேன்.

“வா, சொல்லித் தர்றேன்” என்றேன்.

மறுநாள் காலை ஜன்னல் ஓரம். முதலில் தலையணையை வைத்துப் பழகினாள். பாதிப் படங்கள் கோணலாகவும், மீதி இருட்டாகவும் வந்தன. பொத்தானைக் குத்தினாள். “குத்தாதம்மா. கிளட்ச் விடுற மாதிரி மெதுவா. மூச்சை விட்டுட்டு அழுத்து” என்றேன். வண்டி ஓட்ட மட்டும் என்னிடம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள், இதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. திரையை வெளியே திருப்பி, இடுப்பளவில் கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள். கட்டிலில் படுத்திருக்கிறவளுக்கு மேலே நின்று எடுத்தால் மிரட்டுகிற மாதிரி இருக்குமாம். பிறகு குளியல் துண்டு ஒன்றைச் சுருட்டி, இன்னொரு துண்டால் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

“நீங்க பிடிங்க. அப்பாக்காரர் பிடிக்கிற மாதிரி.”

எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் வாங்கினேன். அவள் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து எதையெதையோ திருப்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். என் இடது முழங்கை தானாக உயர்ந்து துண்டின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டிருந்தது. துண்டுக்கு ஏது தலை? அவளும் பார்த்துவிட்டாள். “அப்படியே இருங்க” என்றாள். படம் எடுத்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

கேமரா வார்டுக்குப் போனது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாங்கிய பொருள் சும்மா கிடக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒன்றைத்தான்.

பிறகு ஒருநாள் மதியம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

“இன்னிக்கு எடுத்தேங்க” என்றாள்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“தலைப்பிரசவம். சின்னப் பொண்ணு. பொண் குழந்தை. வீட்டுக்காரரு சுவத்தோட சுவரா நிக்கிறாரு, கிட்ட வரவே மாட்டேங்கிறாரு. போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டேன். ‘எதுக்குங்க அதெல்லாம்’னு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். அந்தப் பொண்ணுதான், ‘எடுங்க சிஸ்டர்’னுச்சு. கேமராவைக் கொண்டுவந்து முட்டி போட்டு உக்காந்தேன். ‘கொஞ்சம் இருங்க’ன்னுச்சு. மனசு மாறிடுச்சு போலன்னு நெனச்சேன். ‘உங்ககிட்ட சீப்பு இருக்கா?’ன்னு கேக்குது.”

அவள் தண்ணீரைக் குடித்தாள்.

“என் பையிலேருந்து எடுத்துக் குடுத்தேன். குழந்தை அவ மடியில. ஒரு கையில டிரிப்ஸ் ஊசி, தலைவார முடியல. வீட்டுக்காரரைப் பாத்து, ‘இவளைப் பிடிங்க’ன்னா. அவ்வளவு நேரம் அசையாம நின்னவரு வந்து வாங்கிக்கிட்டாரு. அவ மெதுவா, ஒரு கையாலயே சிக்கு எடுத்து, சீவி முடிச்சுட்டு, அவருகிட்ட தலையைக் குனிஞ்சு, ‘வகிடு நேரா இருக்கா பாருங்க’ன்னு கேட்டா. நேரா இல்லைங்க. அவரு குழந்தையை ஒரு கையில அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையோட சுண்டு விரலால அவ உச்சியிலேருந்து நெத்தி வரைக்கும், ஒவ்வொரு முடியா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒதுக்கி, கோட்டை நேராக்கிட்டே இருந்தாரு. அவளும் நிமிரவே இல்ல.”