சம்மனசு ஓடிய சாயங்காலம்

ஓணம் முடிந்து மூன்று வாரமாகியும் மலப்புறத்திலிருந்து போன் வரவில்லை. ரெக்ஸ் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. திராட்சைக் குடோனில் பழப்பெட்டி தூக்கும்போதும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், அவ்வளவுதான். குளிக்கப் போனால் குளியலறை ஜன்னல் திட்டில் வைத்துக்கொள்வான்.

"அத எதுக்குங்க அங்கன வரைக்கும் கூட்டிட்டுப் போறீக? அதுவும் குளிக்கணுமா?" என்றாள் அவன் மனைவி அனிதா மேரி.

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்ன போன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரெக்ஸ் பதினான்கு வருஷமாகக் கேரளத்தில் செவன்ஸ் பந்து ஆடுகிறவன். பக்கத்துக்கு ஏழு பேர். நெல் அறுத்த வயலில் மூங்கில் நட்டு, பலகை கட்டி, விளக்குப் போட்டு ஆடுகிற ஆட்டம். மழை நின்றதும் தொடங்கும், அடுத்த மழைக்கு முன்னால் முடியும். ஒரு வருஷம் திரூர்ப் பக்கம் ஆடினான், அடுத்த வருஷம் மஞ்சேரி, அதற்கடுத்த வருஷம் வேறொரு ஊர். எந்த டீமும் அவனை விரட்டியதில்லை. எந்த டீமும் பிடித்து வைத்துக்கொண்டதும் இல்லை. கோல் போடுகிறவனைத்தான் ஊர் தோளில் தூக்கும். ரெக்ஸ் ஸ்டாப்பர். பந்தோடு பாய்ந்து வருகிறவனுக்கு முன்னால் முகம் காட்டியபடியே பின்னோக்கி ஓடி, அவன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பது அவன் வேலை. மைக்காரர் அவனைக் 'கம்பம் ரெக்ஸ்' என்பார். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களுக்குள் ஒளிந்து கிடக்கிற மிக்கேல்புரத்தை அங்கே யாருக்குத் தெரியும்? அந்த ஊருக்காக அவன் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. ஊருக்கு டீமே கிடையாது.

ஆனால் அவன் சட்டைகள் ஊர் முழுக்க ஆடின. வருஷத்துக்கு ஒரு நிறத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். மருந்தடிக்கிறவர் உடம்பில் ஒன்று, தண்ணீர் கட்டுகிறவர் உடம்பில் ஒன்று. பந்தலில் குருவி விரட்ட நிற்கும் பொம்மையின் முதுகிலும் நான்காம் நம்பர்தான்.

போன மார்ச்சில், ஒரு அரையிறுதி ஆட்டத்தில், அவன் வலது முழங்காலுக்குள் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சுளுக்கு என்று, ஆட்டக்காரர்கள் அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடுகிற மேனேஜர் ஹம்சாக்காவிடம் சொன்னான். அனிதா மேரியிடமும் அதையேதான் சொன்னான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் முழங்கால் போடும் நேரத்தில் அவன் மட்டும் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மடக்கினால் எழுந்திருக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு சீசன், அதை ஆடிவிட்டு நானே சொல்லிவிட்டு வருவேன், யாரும் சொல்லி வரக்கூடாது. இதுதான் அவன் மனசில் இருந்தது. அதற்கு அந்தப் போன் வரவேண்டும்.

ஆடியிலேயே தொடங்கிவிட்ட இந்தக் காத்திருப்பை மறக்கத்தான் அவன் பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தான்.

ஆரம்பித்தவன் ஜோ. கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறவன், கம்பத்தில் போன் கடையில் வேலை. அவனோடு படித்த சுருளிப்பட்டிக்காரன் சுருளிராஜன் கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் அடிப்பவன். ஆடி மாசம் கல்யாணம் இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. "நம்மளா பாட்டுக் கட்டி ராக் வாசிப்போம்டா" என்று ஜோ சொன்னான். பேஸ் கிட்டார் ஒன்று ஜோவிடம் சும்மா கிடந்தது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

"நமக்கு இதெல்லாம் வராது மாப்ள" என்றான் ரெக்ஸ்.

"நாலே கம்பிதான்" என்றான் சுருளிராஜன். "நீ ஸ்டாப்பர்தான? இதுலயும் அதே வேலதான். முன்னால போகாத. நாங்க ரெண்டு பேரும் முன்னால போயி என்னமும் பண்ணிட்டுப் போறோம். நீ பின்னால நின்னு காப்பாத்து."

அது அவனுக்குப் புரிந்தது. ஒரு மாசத்தில் விரல் தடித்துப்போய், வாசிக்கவும் வந்துவிட்டது. குடோனில் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் சாயங்காலம் சாயங்காலம் வாசித்தார்கள். குடோன் முதலாளி ராஜமணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஏப்பா, கொஞ்சம் பாத்து வாசிங்க. கொலையில இருந்து பழம் உதிருது" என்பார். ஆனாலும் போகமாட்டார், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

கோஷ்டிக்குப் பெயர் வேண்டும் என்று ஒருநாள் பேச்சு வந்தது. கல்யாணம் இல்லாத ஒருத்தன், பந்து இல்லாத ஒருத்தன், கடையில் ஆள் வராத ஒருத்தன். "ஆஃப் சீசன்னு வைடா" என்றான் சுருளிராஜன். அப்படியே ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். அவர்களுடைய நல்ல பாட்டு 'ஷட்டரைத் தொற'. அணையில் தண்ணீர் வைத்துக்கொண்டு திறக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் கூடும். பள்ளத்தாக்கில் தண்ணீருக்கு ஏங்காதவர் யார்? அந்தப் பாட்டுக்கு எல்லார் காலும் ஆடியது.

செப்டம்பர் கடைசியில் ஊர்த் திருவிழா. ஊருக்குக் காவலான தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சுரூபத்தை, வாளும் தராசும் இறக்கையுமாகச் சப்பரத்தில் வைத்துத் தெருவெல்லாம் தூக்கி வருவார்கள். சப்பரம் கோயிலுக்குத் திரும்பிய பிறகு மேடையில் 'ஆஃப் சீசன்' கச்சேரி என்று நோட்டீசில் போட்டிருந்தது. மூவரும் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஜெனரேட்டரோடு கோயில் வாசலில் நின்றார்கள். அப்போதுதான் அந்தோணிமுத்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். ரெக்ஸுக்குப் பெரியப்பா முறை, சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவர்.

"ஏலே ரெக்ஸு, பேண்டு செட்டுக்காரக வண்டி வழியில நின்னுபோச்சாம். சாமியாரு மணியப் பாத்துக்கிட்டே நிக்கிறாக. நீங்க வண்டியில இருந்தபடியே வாசிச்சுட்டு முன்னால போங்க."

"பெரியப்பா, எங்க வாசிப்பு வேற மாதிரி."

"மேளம் இருக்குல்ல? மேளம் இருந்தாக் கால் நடக்கும். ஏறுலே."

அவர் சொன்னது நிஜம். அந்த ஊரில் சப்பரத்தை நட, நில், திருப்பு என்று யாரும் சொல்வதில்லை. தூக்குகிறவர்கள் பதினாறு பேர். தோளில் மரம், முன்னால் இருப்பவன் முதுகு, காதில் மேளம், அவ்வளவுதான். மேளம் எப்படியோ கால் அப்படி. அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். மேளம் நின்றால் நிற்பார்கள். மேளம் வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. பேண்டு செட்டுக்காரர் எழுபது வயசுக்காரர், அவர் மேளம் என்றைக்கு வேகமெடுத்தது?

முதல் இரண்டு தெரு அழகாகப் போனது. ஜோ மாதா பாட்டு வாசித்தான், சுருளிராஜன் பூ விழுகிற மாதிரி தட்டினான். சம்மனசு அசைந்து அசைந்து வந்தார். மெழுகுவர்த்தி பிடித்த பெண்கள் கண் கலங்கினார்கள். மூன்றாம் தெருவில் சுருளிராஜனுக்குத் தெரிந்த மாதா பாட்டுகள் தீர்ந்துபோயின. சுருளிப்பட்டிக்காரனுக்கு எத்தனை மாதா பாட்டுத்தான் தெரியும், பாவம்.

"திரும்ப மொதல்ல இருந்து வாசிப்போம்" என்றான் ஜோ.

கூட்டத்திலிருந்து ஜோவின் தங்கச்சி பெனிஷா போனைத் தூக்கிப் பிடித்தபடி, "அண்ணே, ஷட்டரைப் போடுண்ணே" என்றாள். நாலு பேர் கை தட்டினார்கள். ஆரம்பம் மெதுவாகத்தானே இருக்கும் என்று ஜோ தொடங்கிவிட்டான்.

அந்தத் தெரு வாய்க்கால் பாலம் வரைக்கும் இறக்கம். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

பாட்டு வேகமெடுத்தது. காலும் வேகமெடுத்தது. சப்பரம் சுறுசுறுப்பாக வருவதைக் கண்ட சுருளிராஜன், ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினான். மேளம் கூடுகிறது, பாலத்துக்கு முன்னால் நேரத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள் போல என்று தூக்குகிறவர்கள் எட்டிப் போட்டார்கள். கண்ணாடியில் சம்மனசு நெருங்குவதைப் பார்த்த குட்டியானை டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி போகிறதே என்று அவர்கள் ஓடினார்கள். ஓடுகிறார்களே என்று சுருளிராஜன் தலையைக் குனிந்துகொண்டு வெளுத்து வாங்கினான். சாமியார் குடையைப் பிடித்தபடி பின்னால் ஓடி வந்தார். சம்மனசின் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. ரோஜா மாலை அறுந்து விழுந்தது.

வண்டியின் பின்பக்கம் நின்று சப்பரத்தைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தவன் ரெக்ஸ் மட்டும்தான். எப்போதும் போல, வருகிறவர்களின் முகத்தை விட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு ஜோடிக் கால். இவர்கள் இனி மேளம் நின்றாலும் நிற்க முடியாது. பின்னால் இருப்பவனின் பாரம் முன்னால் இருப்பவனைத் தள்ளுகிறது. முன்னவன் திடீரென்று நின்றால் சப்பரம் அவன் மேலேயே விழும்.

கிட்டாரைக் கழற்றி ஜோவின் கையில் கொடுத்தான். குதித்தான். முழங்கால் உள்ளே சுரீர் என்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சப்பரத்துக்கு நேர் முன்னால், அவர்களைப் பார்த்தபடி, பின்னோக்கி ஓடத் தொடங்கினான். முதலில் அவர்கள் வேகத்திலேயே ஓடினான். தடுக்கவில்லை. முன் மரத்தின் இரண்டு முனையிலும் கையை லேசாக வைத்துக்கொண்டான்.

"மேளத்தக் கேக்காதீக. என் காலப் பாருங்க. பெரியப்பா, காலு, காலு."

முன்வரிசையில் இருந்த அந்தோணிமுத்து குனிந்து பார்த்தார். ரெக்ஸ் ஒரு அடியைக் கொஞ்சம் குறைத்து வைத்தான். அடுத்ததை இன்னும் கொஞ்சம். யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான் குறைத்தான். திரூரிலும் மஞ்சேரியிலும் எத்தனையோ வேகக்காரர்களை அவன் இப்படித்தான் நடக்க வைத்திருக்கிறான். முன்வரிசைக் கால் அவன் காலுக்கு வந்தது. இரண்டாம் வரிசைக்கும் வந்தது. ஓட்டம் எட்டி வைக்கும் நடையானது, அதுவும் சாதாரண நடையானது. பாலத்துக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது சம்மனசு நின்றார். ரெக்ஸின் குதிகாலுக்குப் பின்னால் பாலத்துக் கல் இருந்தது. அதே நேரம் முழங்காலுக்குள் அந்தக் குச்சி மறுபடி ஒடிந்தது. அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

பாலத்தைத் தாண்டிப்போன வண்டியில் சுருளிராஜன் இன்னும் தனியாக அடித்துக்கொண்டிருந்தான். ஜோ அவன் குச்சியைப் பிடித்தான்.

பிறகு அந்தோணிமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஷட்டரத் தொறக்கச் சொன்னீக சரி, மூடவும் ஒரு பாட்டுக் கட்டியிருக்கலாம்லப்பா."

சப்பரம் மேளம் இல்லாமல், செபமாலைச் சத்தத்தில் கோயிலுக்குத் திரும்பியது. ரெக்ஸ் கூட்டத்தோடு நடந்தான். நொண்டாமல் நடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

கச்சேரி நடக்கவில்லை. இனிமேல் சப்பரத்துக்கு முன்னால் பேண்டு செட்டைத் தவிர எதுவும் கூடாது என்று கோயில் பங்குப் பேரவை முடிவெடுத்தது. அடுத்த வாரம் ஜோவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சுருளிராஜனுக்கு ஐப்பசிக் கல்யாணங்கள் வந்தன. ஃப்ளெக்ஸை ராஜமணி வாங்கிக் குடோனில் ஒழுகுகிற இடத்தில் கட்டினார். அவ்வளவுதான் 'ஆஃப் சீசன்'.

பெனிஷா எடுத்த வீடியோ மட்டும் நிற்கவில்லை. அது குமுளி ஏறிக் கேரளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெக்ஸ் கட்டிலில் காலை நீட்டியிருந்தபோது போன் அடித்தது. ஹம்சாக்கா. பக்கத்தில் அனிதா மேரி பழைய சட்டை ஒன்றில் ஐஸ் கட்டியை முடிந்துகொண்டிருந்தாள்.

"ரெக்ஸே, வீடியோ கண்டு" என்றார் ஹம்சாக்கா. தமிழும் மலையாளமும் கலந்துதான் அவர் பேசுவார். "நின்றெ முட்டு போயின்னு ஒருத்தன் சொன்னான். அதான் நான் போன்ல விளிச்சில்லா. இப்போ கண்டு. பின்னோட்டம் பழைய மாதிரி உண்டல்லோ. நவம்பர்ல மொத களி, மொத ஆட்டம். நீ வா."

மூன்று மாசமாகக் குளியலறை வரைக்கும் சுமந்து திரிந்த போன். 'வாரேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரெக்ஸ் முழங்காலைப் பார்த்தான். அது பப்பாளி மாதிரி வீங்கிப் பளபளவென்று இருந்தது. இரண்டு ஆட்டம் எப்படியாவது ஓட்டிவிடலாம். மூன்றாவது ஆட்டத்தில் எவனாவது ஒரு பொடியன் அவனைத் தாண்டிப் போவான், கேலரி விசில் அடிக்கும், ஹம்சாக்கா வேறு பக்கம் பார்ப்பார். பாலத்துக்குப் பக்கத்தில் அவனைத் தாண்டி யாரும் போகவில்லை.

"இக்கா, வீடியோவுல நான் எத்தன அடி ஓடுறேன்னு பாத்தீகளா?"

"அது நோக்கியில்லா."

"அம்புட்டுதான் முட்டுல மிச்சம் இருந்துச்சு. அத அங்கன ஆடி முடிச்சுட்டேன். மார்ச்சுல சுளுக்குன்னு சொன்னது சுளுக்கு இல்ல இக்கா."

அந்தப் பக்கம் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"கடைசி களி எந்த டீமுக்கு?" என்றார் ஹம்சாக்கா.

"எங்க ஊருக்கு."

"கப்பு கிட்டியோ?"

"கிடைச்சுச்சு. கோயிலுக்குள்ள பத்திரமா நிக்கிறாரு."

ஹம்சாக்கா சிரித்தார். சிரித்து முடித்து, "எந்நா மதி" என்றார். அப்படியானால் போதும் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டார்.

அனிதா மேரி ஐஸ் முடிச்சை முழங்கால் மேல் வைத்தாள். சட்டையின் நான்காம் நம்பர் மேல்பக்கம் வந்தது.

"சுளுக்கு இல்லைன்னு ஒனக்கு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஆறு மாசமாப் பூசையில தூணுக்குப் பின்னால ஒளியிற ஆளு. மூணாங்கிளாஸ் பிள்ளைக கூட வீட்டுப்பாடம் எழுதலைன்னா அப்பிடித்தான் ஒளியும்."

"கேக்கல நீ."

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். இந்தா, இன்னைக்குச் சொல்லிட்டீக. எங்கிட்டத்தான்னு இல்ல, யாருட்ட சொன்னா என்ன." அவள் முடிச்சைக் கொஞ்சம் நகர்த்தினாள். "வலிக்குதா?"

"வலிக்குது" என்றான் ரெக்ஸ். அந்த வீட்டில் அதை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளிக்கப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. போன் கட்டிலிலேயே கிடந்து அடித்தது. அனிதா மேரி எடுத்தாள். சுருளிராஜன்.

"தங்கச்சி, மாப்ள எங்க? ஒரு கல்யாணத்துல பேஸுக்கு ஆள் இல்ல, அதான்."

"குளிக்கிறாக அண்ணே" என்றாள் அவள். "மெதுவாத்தான் வருவாக. வந்ததும் பேசச் சொல்றேன்."